வேலை தேடும் தளங்களுக்கு நம்மை இழுப்பது எது?

உடன் வேலை பார்த்த நண்பரின் தங்கை எம்.பி.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். புராஜெக்ட்டுக்காக ஒரு கேள்வித்தாள் தயாரித்து எங்கள் எல்லோருக்கும் அனுப்பினாள். இணையத்தில் வேலை தேட உங்களைத் தூண்டுவது எது என்பதுதான் விஷயம். ‘தளத்தைப் பயன்படுத்துவது எளிது’, ‘நேரம் மிச்சமாகிறது’, ‘நண்பர்கள் பரிந்துரைத்தார்கள்’ என்று வரிசையாக வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘முற்றிலும் ஏற்கிறேன்’ தொடங்கி ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை ஐந்து கட்டங்கள். எல்லாவற்றுக்கும் ‘ஏற்கிறேன்’ போட்டு அனுப்பிவிட்டேன். பெரிய பொய் ஒன்றும் இல்லை. ஆனால் நான் அந்தத் தளங்களுக்குள் நுழைந்ததற்கான முதல் காரணம் அந்தத் தாளில் இல்லவே இல்லை.

யாருக்கும் தெரியாமல் தேட வேண்டியிருந்தது. அவ்வளவுதான் காரணம்.

கணக்குப் பிரிவில் பல வருடமாக இருந்தேன். எங்கள் நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் வாங்கப்போவதாகப் பேச்சு கிளம்பியது. இரண்டு கணக்குப் பிரிவுகள் ஒன்றானால் பாதிப் பேர் எதற்கு என்ற கேள்வி எல்லோர் மனதிலும் ஓடியது, வாய் திறந்து யாரும் பேசவில்லை. தெரிந்த ஒருவரிடம் “எங்கேயாவது இடம் இருந்தால் சொல்லுங்க சார்” என்று கேட்டால், அந்தச் சேதி மறுநாள் யார் மேசைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. வீட்டிலும் அதுவரை மூச்சு விடவில்லை. தளத்திடம் அந்தச் சங்கடம் எதுவும் கிடையாது. ஏன் வெளியே வருகிறாய் என்று கேட்காது, பரிதாபமாகப் பார்க்காது, அடுத்த முறை பார்க்கும்போது “என்ன ஆச்சு, கிடைச்சுதா?” என்று விசாரிக்காது.

பிறகு பலரிடம் பேசிப் பார்த்ததில் இந்தக் கூச்சம் எனக்கு மட்டும் உரியதல்ல என்று புரிந்தது. எங்கள் அண்ணி குழந்தைகளுக்காக வேலையை விட்டு, சில வருடம் கழித்துத் திரும்ப முயன்றவர். “நேரில் போனா முதல்ல முகத்தைத்தான் பார்ப்பாங்க, அப்புறம் இத்தனை வருஷம் என்ன பண்ணீங்கன்னு கேட்பாங்க. இதுல அந்தத் தொல்லை இல்லை” என்றார். ஆனால் விண்ணப்பப் படிவத்தில் ‘எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை’ என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகவே முடியாது. மனிதர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வியைத் தளம் சிவப்பு நட்சத்திரம் போட்டுக் கேட்கிறது. அண்ணிக்கு நாங்கள் சொன்ன வழி எளிமையானது. அந்த இடைவெளியையும் ஒரு வரியாகவே எழுதிவிடுவது: ‘குடும்பப் பொறுப்புக்காக இடைவெளி’, அதன் கீழே அந்தக் காலத்தில் படித்த சான்றிதழ் படிப்பு, வீட்டிலிருந்தபடியே சிலருக்குப் பார்த்துக் கொடுத்த கணக்கு. காலியாக விட்டால் படிப்பவர் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்வார்.

ரகசியம் வேண்டும் என்று தளத்துக்குப் போகிறவர், முதலில் அந்த ரகசியத்தைத் தளம் உண்மையிலேயே காப்பாற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான தளங்களில் நம் விவரங்களை யார் பார்க்கலாம் என்று தீர்மானிக்கும் அமைப்பு உண்டு. சிலவற்றில் குறிப்பிட்ட நிறுவனத்தின் பெயரைக் கொடுத்து, அவர்கள் கண்ணில் படாமல் தடுக்கலாம். தடுக்கும்போது தாய் நிறுவனம், கிளை நிறுவனம், எங்கள் விஷயத்தைப் போல நம் நிறுவனத்தை வாங்கப்போகும் நிறுவனம் எல்லாவற்றையும் சேர்த்துத் தடுக்க வேண்டும். தொழில்முறைத் தொடர்புகளுக்கான தளமான லிங்க்ட்இன்னில் வேலைக்குத் தயார் என்பதை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நம் படத்தைச் சுற்றிப் பச்சை வளையமாகவும் போடலாம், ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரியும் வைக்கலாம். இரண்டாவது வகையில், ‘உங்கள் சொந்த நிறுவனத்தின் ஆட்களுக்குக் காட்டாமலிருக்க முயற்சி செய்வோம், ஆனால் முழு உத்தரவாதம் தர முடியாது’ என்று லிங்க்ட்இன்காரர்களே சொல்கிறார்கள். அந்த வரியை நம்ப வேண்டும். வெளி ஏஜென்சிகள் மூலம் ஆள் எடுக்கும் நிறுவனமாக இருந்தால், ஏஜென்சிக்காரர் கண்ணில் பட்டு அவர் வழியாகச் சேதி போய்விட வழி இருக்கிறது.

அலுவலக மின்னஞ்சல், அலுவலக லேப்டாப், அலுவலக வைஃபை, இந்த மூன்றையும் இதற்குத் தொடவே கூடாது. வேலை தேடுவதற்கென்றே தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொண்டேன். பின்னால் அது வேறொரு விதத்திலும் உதவியது. குப்பை மின்னஞ்சல் மொத்தமும் அங்கேயே போய் விழுந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வருடக்கணக்கில் தூங்கிக்கொண்டிருந்த சுயவிவரத்தை ஒரே நாளில் தலைகீழாக மாற்றி, புதுப் படம் போட்டு, பத்துத் திறன்களைச் சேர்த்தால், அமைப்பு எப்படி இருந்தாலும் பக்கத்து மேசைக்காரருக்குப் புரிந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவது நல்லது.

சரி, அந்தத் தங்கையின் கேள்வித்தாளுக்கு வருகிறேன். அதன் பின்னணி என்ன என்று அவளிடமே கேட்டேன். ஃப்ரெட் டேவிஸ் என்பவர் 1989-ல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்துதான் இந்த மாதிரிக் கேள்விகளில் பெரும்பாலானவை வந்தன என்றாள். ஒரு தொழில்நுட்பத்தை மனிதர்கள் கையில் எடுப்பதற்கு இரண்டு நம்பிக்கைகள் முக்கியம் என்கிறது அந்தக் கட்டுரை: இது எனக்குப் பயன்படும், இதைப் பயன்படுத்துவது கடினமில்லை. 2003-ல் வெங்கடேஷ் என்பவரும் அதே டேவிஸும் வேறு இருவரும் சேர்ந்து, அதுவரை வந்த எட்டுக் கோட்பாட்டு மாதிரிகளை ஒன்றாக்கி, சுற்றியிருப்பவர்களின் தாக்கம், கையில் இருக்கும் வசதிகள் என்று இரண்டைச் சேர்த்தார்கள். 2012-ல் வந்த அடுத்த பதிப்பில் பழக்கம், அதில் கிடைக்கும் இன்பம், விலைக்கேற்ற பயன் ஆகியவையும் சேர்ந்தன. வேலைத் தளங்கள் பற்றி மாணவர்கள் எழுதும் ஆய்வேடுகளில் நிறைய இந்தக் கட்டங்களுக்குள்தான் சுற்றுகின்றன. எதுவும் தவறில்லை. ஆனால் ஒருவர் தளத்துக்குள் வருவதற்கான காரணத்தைத்தான் இவை சொல்கின்றன. வந்தவருக்கு வேலை கிடைக்குமா என்பது முற்றிலும் வேறு கணக்கு. என் அனுபவத்தில் பெரிய சிக்கலே இங்கேதான் இருந்தது. எந்தக் காரணத்துக்காகத் தளம் நமக்குப் பிடிக்கிறதோ, பல நேரம் அதே காரணம்தான் நமக்கு எதிராகவும் வேலை செய்கிறது.

சுற்றியிருப்பவர்களின் தாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு யாரும் “இந்தத் தளம் நல்லது” என்று சொன்னதில்லை. எங்கள் பிரிவில் இருந்த இளைஞன் ஒருவன் திடீரென்று ராஜினாமாக் கடிதம் கொடுத்தான். “எப்படித் தம்பி?” என்று கேட்டதற்குக் கைப்பேசியைக் காட்டினான். “இதிலதான் சார், படுத்துக்கிட்டே அப்ளை பண்ணேன்.” அன்று இரவே நான்கைந்து பேராவது அந்த ஆப்பைத் தரவிறக்கியிருப்பார்கள், நான் உட்பட. அவனுக்குச் சில வருட அனுபவம், எங்கு வேண்டுமானாலும் மாறிப் போகத் தயார், அந்த நேரத்தில் எல்லோரும் தேடிக்கொண்டிருந்த ஒரு மென்பொருள் அவனுக்கு அத்துப்படி. இதில் எதுவும் எங்களுக்குப் பொருந்தாது. ‘ஆப்பில் கிடைத்தது’ என்ற ஒரு வரி மட்டும் எங்கள் காதில் விழுந்தது. அதே ஆப்பில் மாதக்கணக்கில் விண்ணப்பித்துப் பதிலே வராமல் இருந்தவர்களும் அதே அறையில்தான் இருந்திருப்பார்கள். அவர்கள் ஏன் வாய் திறக்கப் போகிறார்கள்? கிடைத்தவர் சொல்வதை மட்டும் கேட்டுத்தான் நாம் தளத்தை எடைபோடுகிறோம்.

அடுத்தது எளிமை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரே தட்டில் விண்ணப்பிக்கும் பொத்தானைப் பார்த்தபோது மனிதகுலம் கண்டுபிடித்த ஆகச்சிறந்த பொருள் இதுதான் என்று தோன்றியது. ரெஸ்யூமே ஏற்கெனவே ஏறியிருக்கிறது. விளம்பரத்தைப் பார், தட்டு, அடுத்தது. இரவுச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் ஒரு கத்தை அனுப்பிவிடலாம். பதில் என்று பெரும்பாலும் எதுவும் வராது. வந்தாலும் ‘உங்கள் ஆர்வத்துக்கு நன்றி’ என்று தொடங்கும் அச்சடித்த மின்னஞ்சல்.

காரணம் புரிந்தது, ஆள் எடுக்கும் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு தோழி தன் பக்கத்துத் திரையைக் காட்டியபோதுதான். தேடுகிறவருக்குத் தெரியும் தளமும் எடுக்கிறவருக்குத் தெரியும் தளமும் ஒன்றல்ல. அவள் பக்கத்தில் வந்த விண்ணப்பங்கள் குவியலாகக் கிடந்தன. எனக்குத் தட்டுவது எவ்வளவு எளிதோ, அதே அளவு மற்ற எல்லோருக்கும் எளிது என்பதை அந்தக் குவியலைப் பார்த்ததும்தான் உணர்ந்தேன். அவள் அதை மேலிருந்து கீழாகப் படிக்கவில்லை. ஒரு தேடல் பெட்டியில் இரண்டு மூன்று சொற்களை அடித்தாள். பதவிப் பெயர், ஒரு மென்பொருளின் பெயர், ஒரு சான்றிதழ். பக்கவாட்டில் வடிகட்டிகள்: அனுபவம் இத்தனை வருடம், நோட்டீஸ் பீரியட் இத்தனை நாளுக்குள், ஊர், கடைசியாக எப்போது தளத்துக்குள் வந்தார். குவியல் சுருங்கி ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. “இதில் முதல் சிலரைக் கூப்பிடுவேன், ஆள் அமைந்துவிட்டால் மீதியைத் திறக்கவே மாட்டேன்” என்றாள். கல்மனசுக்காரி இல்லை, அன்றைக்கு அவள் கையில் அதுபோல் வேறு பல பதவிகளும் இருந்தன.

பிறகு என் சுயவிவரத்தைத் தேடச் சொன்னேன். வரவில்லை. எங்கள் நிறுவனத்தில் என் பதவிக்கு நாகரிகமாக ஒரு நீளமான பெயர் வைத்திருந்தார்கள். கணக்கு மேலாளர் என்று நேராகச் சொல்வது பழசாகிவிட்டதாம். அந்த நீளப் பெயரை உலகத்தில் வேறு யாரும் தேடல் பெட்டியில் அடிக்க மாட்டார்கள். தோழி சொன்னபடி, சந்தையில் புழங்கும் பெயரைத் தலைப்பில் போட்டு, நிறுவனம் வைத்த பெயரை உள்ளே அனுபவப் பகுதியில் அப்படியே வைத்துக்கொண்டேன். இல்லாத பதவியை இருப்பதாகப் போடுவது இதில் சேராது. பின்னால் சரிபார்க்கும்போது அது மாட்டிக்கொள்ளும்.

ரெஸ்யூமேயின் வடிவத்துக்கும் இதே கதைதான். பல நிறுவனங்களில் விண்ணப்பங்களை முதலில் ஒரு மென்பொருள் வாங்கி, பெயர், பதவி, வருடம், படிப்பு என்று பிரித்துக் கட்டங்களில் போடுகிறது. அழகுக்காக இரண்டு பத்திகளாகப் பிரித்து, பட்டைகள் வரைந்து, தொலைபேசி எண்ணை மேல் ஓரத்துக்குள் ஒளித்து வைத்த ரெஸ்யூமேயை அது குழப்பிக்கொள்ள வாய்ப்பு அதிகம். ஸ்கேன் செய்து படமாக மாற்றிய பிடிஎஃப் என்றால் பல மென்பொருள்களுக்கு அதில் எழுத்தே தெரியாது. சோதித்துப் பார்க்க ஒரு சுலப வழி இருக்கிறது. ரெஸ்யூமே முழுவதையும் நகலெடுத்து, எந்த அலங்காரமும் இல்லாத வெறும் நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே வரிகள் ஒழுங்காக, நாம் எழுதிய வரிசையிலேயே வந்தால் பெரும்பாலும் பிரச்சினை இருக்காது. என்னுடையதில் இரண்டு நிறுவனங்களின் வருடங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வந்தன. ஒரே பத்தியாக மாற்றி எழுதினேன். பார்க்கச் சப்பென்று இருந்தது. அதற்குப் பிறகுதான் அழைப்புகள் வரத் தொடங்கின.

மனிதர் படிக்கும் கட்டத்துக்கு வந்தாலும் நேரம் கொஞ்சம்தான். லேடர்ஸ் என்ற அமெரிக்க வேலைத் தளம், ஆள் எடுப்பவர்களின் கண்ணசைவை அளந்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், முதல் பார்வைக்கு ஒரு ரெஸ்யூமேவுக்குக் கிடைத்த சராசரி நேரம் 7.4 வினாடி. சிறிய ஆய்வு, அந்த எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் தோழி திரையில் புரட்டிய வேகத்தைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அது ஆச்சரியமாக இல்லை.

இவ்வளவும் பார்த்த பிறகு, தளத்தால் உண்மையில் பயன் உண்டா என்ற சந்தேகம் வருவது இயற்கை. பொருளாதார அறிஞர்கள் இதைக் கொஞ்சம் பார்த்திருக்கிறார்கள். பீட்டர் கூன், மிக்கேல் ஸ்குடெரூட் என்ற இருவர் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், 1998 முதல் 2000 வரையிலான அமெரிக்கத் தரவுகளை வைத்துப் பார்த்தபோது, இணையத்தில் தேடியவர்களுக்கு வேலை சீக்கிரம் கிடைத்ததாகத் தெரியவில்லை. இன்னும் சொல்லப்போனால் மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் வேலையின்றி இருந்ததாகக்கூடக் காட்டியது. அதே கூன் இன்னொருவரோடு சேர்ந்து, ஏறத்தாழப் பத்து வருடம் பிந்தைய தரவுகளை வைத்து 2014-ல் மறுபடி பார்த்தார். இந்த முறை, இணையத்தில் தேடியவர்கள் வேலையின்றி இருந்த காலம் சுமார் 25% குறைவாக இருந்தது. அதில் என் கவனத்தை இழுத்தது இன்னொரு தகவல். இணையத்தை எந்தெந்த விதமாகப் பயன்படுத்தியவர்களுக்குப் பலன் அதிகம் என்ற பட்டியலில், ரெஸ்யூமே அனுப்புவது, விளம்பரம் பார்ப்பது ஆகியவற்றோடு, நண்பர்களையும் உறவினர்களையும் இணையம் வழியாகத் தொடர்புகொள்வதும் இருந்தது.

அதாவது, நான் எதைத் தவிர்க்கத் தளத்துக்குள் ஒளிந்தேனோ அது.

மனிதர்கள் வழியாக வேலை கிடைப்பது பற்றி மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-லேயே எழுதியிருக்கிறார். நெருக்கமானவர்களைவிட, அவ்வளவாக நெருக்கமில்லாத அறிமுகங்கள் வழியாகத்தான் நமக்குத் தெரியாத புதுச் செய்திகள் வந்து சேர்கின்றன என்பது அவர் வாதம். நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும் இல்லையா. 2022-ல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு இதை லிங்க்ட்இன்னில் 2 கோடிப் பேரிடம், ஐந்து ஆண்டுக் காலச் சோதனைகளை வைத்துப் பார்த்தது. வேலை மாறுவதற்கு ஓரளவு தளர்வான தொடர்புகளே அதிகம் உதவின. ஒரேயடியாக அந்நியமானவர்களும் அவ்வளவு பயன்படவில்லை, மிக நெருக்கமானவர்கள் இன்னும் குறைவு. முன்பு ஒரு திட்டத்தில் கூட இருந்தவர், தணிக்கைக்கு வந்துபோனவர், படிப்பில் ஒரு வகுப்பு தள்ளி இருந்தவர், இப்படிப்பட்ட ஆட்கள்.

இதைப் படித்த பிறகு தளத்தை நான் பயன்படுத்திய விதம் மாறியது. விளம்பரத்தைப் பார்த்ததும் பொத்தானைத் தட்டுவதை நிறுத்தினேன். முதலில் அந்த நிறுவனத்தின் பெயரைப் போட்டு, என்னை எப்போதாவது சந்தித்த யாராவது அங்கே இருக்கிறார்களா என்று தேடுவேன். இருந்தால் நாலு வரிச் செய்தி. ‘நலம். உங்கள் நிறுவனத்தில் இந்தப் பதவிக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள், விளம்பர எண் இது. நான் இந்த வேலையில் இத்தனை வருடம். இது இன்னும் காலியாக இருக்கிறதா, யாரிடம் பேசலாம் என்று மட்டும் சொல்ல முடியுமா?’ வேலை வாங்கித் தாருங்கள் என்று கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான். தகவல் கேட்டால் மனிதர்கள் தாராளமாகப் பேசுகிறார்கள். ரகசியம் கசியும் என்ற பயம் இங்கே எனக்குக் குறைந்தது, ஏனென்றால் இவர்கள் யாரும் என் அலுவலகத்தோடு தினம் பேசுகிறவர்கள் இல்லை.

தளத்துக்கு நம்மைத் திரும்பத் திரும்ப இழுக்கும் இன்னொரு விஷயம், எதையோ செய்துவிட்டோம் என்ற நிம்மதி. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இருப்பவனுக்கு இது சாதாரண மருந்து அல்ல. பத்து விண்ணப்பம் தட்டினால் அன்று இரவு கொஞ்சம் தூக்கம் வரும். ‘உங்கள் சுயவிவரத்தை யாரோ பார்த்தார்கள்’ என்று அறிவிப்பு வந்தால் மனசு துள்ளும். தளத்துக்கு வருமானம் பெரும்பாலும் ஆள் எடுக்கும் நிறுவனங்களிடமிருந்து வருகிறது. விளம்பரம் போட, சொடுக்குகளுக்கு, சுயவிவரங்களைத் தேடிப் பார்க்க அவர்கள் பணம் கட்டுகிறார்கள். அதற்கு நாம் அடிக்கடி வந்துபோக வேண்டும். நமக்கு வேலை கிடைப்பதில் அவர்களுக்கும் ஆர்வம் உண்டுதான், ஆனால் நாம் தினமும் எட்டிப் பார்ப்பதில் அதைவிட உடனடியான ஆர்வம். இதில் சதி எதுவும் இல்லை, வியாபாரம். நான் எல்லா அறிவிப்புகளையும் அணைத்துவிட்டு, இரண்டு குறிப்பிட்ட பதவிகளுக்கான வேலை அறிவிப்பை மட்டும் வைத்துக்கொண்டேன். காலையில் ஒருமுறை, அதுவும் குறித்த நேரத்துக்குள். விளம்பரம் வந்த முதல் ஓரிரு நாளில் விண்ணப்பிப்பதற்கும் ஒரு வாரம் கழித்து விண்ணப்பிப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு என்று தோழியின் திரையிலேயே பார்த்திருந்ததால், அந்தக் காலை நேரம் போதுமானதாக இருந்தது.

மாதக்கணக்கில் அதே விளம்பரம் புதுத் தேதியோடு வந்துகொண்டிருந்தால் சந்தேகப்பட வேண்டும். ஆளே எடுக்காமல் ரெஸ்யூமே சேகரித்து வைக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அந்தப் பதவி நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, இருந்தால் அங்கேயே விண்ணப்பிப்பது என் வழக்கமானது. அதேபோல ஒரே வேலையை மூன்று கன்சல்டன்சிகள் வெவ்வேறு சொற்களில் போடுவார்கள். மூவருக்கும் சரி என்று சொல்லிவிட்டால், ஒரே ஆள் இரண்டு வழியில் வந்தார் என்று நிறுவனம் இரண்டையும் ஒதுக்கிவிடுவதுண்டு. அதனால் எந்தத் தேதியில், எந்த நிறுவனத்துக்கு, யார் வழியாக, எந்த ரெஸ்யூமேயை அனுப்பினேன் என்று ஒரு எக்செல் தாள் வைத்திருந்தேன். கணக்குக்காரன் புத்தி. ஆனால் அலுவலக நேரத்தில் ஒருவர் அழைத்து “நீங்க நம்ம விளம்பரத்துக்கு அப்ளை பண்ணியிருந்தீங்க” என்று தொடங்கும்போது, எந்த விளம்பரம் என்று விழிக்காமல் இருக்க அதுதான் உதவியது.

நம்பிக்கை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோருக்கும் ஓரளவு தெரிந்ததுதான். பெரிய தளம் என்றால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். 1994-ல் தொடங்கி ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய வேலைத் தளமாக இருந்த மான்ஸ்டரிலிருந்தே 2007-ல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் திருடு போயின. திருடியவர்கள் அதை வைத்து அவர்களுக்குப் போலி மின்னஞ்சல் அனுப்பினார்கள். எனவே ரெஸ்யூமேயில் பிறந்த தேதி, முழு முகவரி, அடையாள அட்டை எண் எதுவும் தேவையில்லை. வேலைக்காக யாராவது பணம் கேட்டால், பெயர் பதிவுக் கட்டணமோ பயிற்சிக் கட்டணமோ திருப்பித் தரும் வைப்புத்தொகையோ, என்ன பெயரில் கேட்டாலும் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். சித்தி மகளுக்கு வந்த ‘வேலை உத்தரவில்’ நிறுவனத்தின் முத்திரை அச்சு அசலாக இருந்தது. நேர்காணல் முழுக்க சாட்டில் நடந்தது, யாருடைய குரலையும் அவள் கேட்கவில்லை. மின்னஞ்சல் முகவரியில் நிறுவனப் பெயருக்குப் பின்னால் இலவசச் சேவையின் பெயர். அந்த நிறுவனத்தின் உண்மையான தளத்தில் இருந்த எண்ணுக்கு அழைத்துக் கேட்டோம், அப்படி ஒரு பதவியே இல்லை என்றார்கள்.

தளங்களுக்கு வராதவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எங்கள் கிடங்கைப் பார்த்துக்கொண்ட பெரியவருக்கும் வேலை போனது. கைப்பேசி இருந்தது, அதில் நன்றாகப் பேசுவார், வீடியோ பார்ப்பார். ஆனால் விண்ணப்பம் என்றால் கோப்பு ஏற்ற வேண்டும், கடவுச்சொல்லில் ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறி வேண்டும், ஓடிபி வந்து மறைவதற்குள் அடிக்க வேண்டும். நாங்கள் உட்கார்ந்து அவருக்குச் சுயவிவரம் போட்டுக் கொடுத்தோம். “தம்பி, இதுல நான் பார்த்த வேலைக்குப் பேரே இல்லையே” என்றார். பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் உண்மையிலேயே அவர் செய்த வேலைக்குப் பெயர் இல்லை. பக்கத்தில் எதையோ தேர்ந்தெடுத்தோம். அழைப்பு எதுவும் வரவில்லை. பிறகு முன்பு சரக்கு கொண்டுவந்து இறக்கிய ஒரு லாரிக்காரர் வழியாக அவருக்கு இடம் கிடைத்தது. கிரானோவெட்டர் 1973-ல் எழுதியது சரிதான் போல.

எனக்கு வேலை கிடைத்த விதத்தையும் கேட்பீர்கள். விளம்பரம் தளத்தில் வந்தது. அந்த நிறுவனத்தில், பல வருடம் முன்பு எங்களுக்குத் தணிக்கை செய்ய வந்த ஒருவர் இருந்தார். அவருக்கு நாலு வரி எழுதினேன். அந்தப் பதவிக்கு அவர்கள் முக்கியமாக எதிர்பார்ப்பது எது என்று சொன்னார். விளம்பரத்தில் அது கடைசி வரியாகக் கிடந்தது. ரெஸ்யூமேயில் அதை மேலே கொண்டுவந்து விண்ணப்பித்தேன். தளத்தால் கிடைத்ததா, ஆளால் கிடைத்ததா என்று தங்கையின் கேள்வித்தாளில் கேட்டிருந்தால் எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று தெரிந்திருக்காது.

கிடைக்காத வேலைகளின் விளம்பரங்களைப் படித்ததும் வீணாகவில்லை. என் வேலைக்கு என்னென்ன மென்பொருள் கேட்கிறார்கள், எந்தச் சான்றிதழின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது, சம்பளம் எந்த எல்லைக்குள் போடுகிறார்கள் என்பதையெல்லாம் அந்தப் படிப்பில்தான் தெரிந்துகொண்டேன். சம்பளப் பேச்சில் உட்கார்ந்தபோது கையில் இருந்த ஒரே ஆயுதம் அதுதான். இன்றைக்கு வேலையில் இருப்பவர்கள்கூட அவ்வப்போது தங்கள் பதவிக்கான விளம்பரங்களை, விண்ணப்பிக்காமல், வெறுமனே வாசிக்கலாம் என்பேன்.

வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே தளங்களில் ‘வேலைக்குத் தயார்’ என்பதை அணைத்துவிடுங்கள், தொலைபேசி எண்ணையும் நீக்கிவிடுங்கள். இனி பயன்படுத்தப் போவதில்லை என்று தெரிந்த தளங்களில் கணக்கையே அழித்துவிடலாம். நான் எண்ணை எடுக்கத் தாமதித்ததில், புது அலுவலகத்தில் புது மேலாளர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே “சார், வேலை மாறுற ஐடியா இருக்கா?” என்று ஸ்பீக்கரில் ஒரு குரல் கேட்டது. மேலாளர் சிரித்துவிட்டார். உங்கள் மேலாளரும் சிரிப்பார் என்று உத்தரவாதம் இல்லை.